புகை இயந்திரம் வாங்குவதற்கு முன்: மருத்துவமனைத் தொற்றில் பிற நாடுகளிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான். மார்த்தாண்டம் பக்கத்தில் 60 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. சிசேரியன், ஹெர்னியா, லேப்பராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே செய்யும்) முறையில் பித்தப்பை, குடல்வால் அறுவைகள் நடக்கின்றன. சின்ன ஐசியூ ஒன்றும் உண்டு. சில மாதங்களாகத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது கூடியதுபோலத் தெரிகிறது. தியேட்டருக்குப் புகையடிக்கும் இயந்திரமும் யுவி (புற ஊதா) விளக்கும் வாங்கலாம் என்கிறது நிர்வாகம். வெளிநாடுகளில் இதை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள், அதில் எது நமக்கு ஒத்துவரும்?

இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். தையல் புண்ணுக்கு வரும் கிருமியில் பெரும்பங்கு நோயாளியின் சொந்தத் தோல், தொடுகிறவர்களின் கை, அரைகுறையாகச் சுத்தமான கருவி, அந்தக் கருவியைக் கழுவிய தண்ணீர் இவற்றிலிருந்துதான் வருகிறது. புகை இதில் எதையும் தொடாது. ஃபார்மலின் புகை போட்டுத் தியேட்டரை இரவு முழுக்கப் பூட்டி வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. நோயாளிகள் இருக்கும் இடங்களில் மருந்துப் புகை போடும் வழக்கத்தை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ஏற்பதில்லை. யுவி விளக்கு, ஒளி நேராக விழும் இடத்தில்தான் வேலை செய்யும். மேசையின் அடிப்பக்கம், கம்பியின் பின்புறம், ரத்தம் காய்ந்த படலத்தின் கீழ் எல்லாம் கிருமி அப்படியே இருக்கும். ஒவ்வொரு அறுவைக்கும் இடையில் மேசை, மேல்விளக்கின் கைப்பிடி, மயக்க மருந்து இயந்திரத்தின் குமிழ்கள், டயாதெர்மி (மின்சாரத்தால் சதையை வெட்டும் கருவி) வயர் ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதன்பின் கிருமிநாசினியால் துடையுங்கள். நாள் முடிவில் தரையோடு சேர்த்து எல்லாவற்றையும் கழுவுங்கள். தியேட்டருக்கு அது போதும். மாதாமாதம் தரையிலும் சுவரிலும் ஸ்வாப் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புகிறீர்கள் என்றால் அந்தச் செலவையும் நிறுத்தி, சீழ் பிடித்த புண்ணிலிருந்து கல்ச்சர் எடுக்கச் செலவழியுங்கள்.

இனி பிற நாடுகள். வெற்றி பெற்ற நாடுகளை வரிசையாகப் பார்த்தால், புதுக் கருவி வாங்கியதால் ஜெயித்ததாக ஒன்றும் தேறாது. தொற்றை ஒழுங்காக எண்ணினார்கள். தப்பு நடக்கும் இடத்தில் நிற்கிற சிஸ்டருக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். இந்த இரண்டும் இல்லாமல் மற்றதை மட்டும் காப்பியடித்த மருத்துவமனைகளில் சில மாதங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எண்ணுவதில் தொடங்குவோம். இங்கிலாந்தில் எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ல் கொண்டுவந்தார்கள். 2008-க்குள் அதைப் பாதியாக்க வேண்டும் என்று 2004-ல் இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கை எட்டவும் செய்தார்கள். எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவமனையின் தலைமை நிர்வாகியின் தலையில் விழுந்ததுதான் அதில் முக்கியம். மைக்ரோபயாலஜி டாக்டர் மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் எதுவும் அசையவில்லை.

உங்கள் மருத்துவமனையில் சீழ் கூடியது 'போலத் தெரிகிறது' என்கிறீர்கள். அதை எண்ணாக்க வேண்டும். அறுவை முடிந்து 30 நாள் வரை, வலை அல்லது இம்பிளான்ட் வைத்திருந்தால் 90 நாள் வரை, அந்தப் புண்ணில் வரும் தொற்று உங்கள் கணக்கில் சேரும். இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முதல் பிரசவம் முடிந்த பெண் அம்மா வீட்டுக்குப் போவாள். அது கருங்கலோ குலசேகரமோ, எல்லை தாண்டிப் பாறசாலையோ இருக்கலாம். பத்தாம் நாள் தையலில் நீர் கசிந்தால் பக்கத்துக் கிளினிக்கில் டிரஸ்ஸிங் செய்துகொள்வாள். உங்கள் பதிவேட்டில் தொற்று சைபர் என்று இருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் அன்றே இரண்டு போன் நம்பர் வாங்கி, 7, 14, 30-ஆம் நாட்களில் ஒரு சிஸ்டர் கூப்பிட வேண்டும். கேள்விகள் நாலுதான்: புண்ணில் சீழோ நீரோ வருகிறதா, சிவந்து வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, இதற்காக வேறு எங்காவது ஆன்டிபயாடிக் எழுதினார்களா? சந்தேகம் இருந்தால் புண்ணை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

எண்ணும்போது அறுவை வகைகளைக் கலக்காதீர்கள். சிசேரியன் தனி, லேப்பராஸ்கோப்பி தனி, ஹெர்னியா தனி. மாதம் 20 சிசேரியன் நடக்கும் இடத்தில் ஒருவருக்குத் தொற்று வந்தால் 5 சதவீதம், இருவருக்கு வந்தால் 10. ஒரு மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டதே என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஆறு மாதத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். முதல் மூன்று மாதம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், ஏனென்றால் இதுவரை கண்ணில் படாததெல்லாம் இப்போது படுகிறது. இதை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் போன் செய்த சிஸ்டர்தான் திட்டு வாங்குவார். அடுத்த மாதத்திலிருந்து கணக்கு பொய்யாகிவிடும்.

எந்த நாளில், எந்தக் கிருமி வந்தது என்பதே பாதி விடையைச் சொல்லும். ஒன்றிரண்டு நாளிலேயே கடும் வலியோடு வேகமாகப் பரவும் தொற்று என்றால் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஊழியர் யாருக்காவது தொண்டையிலோ தோலிலோ அது இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் அறுவைக்கு முன் தோலைச் சுத்தம் செய்யும் முறையையும் கையையும் கவனியுங்கள். சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீர், நீர்த்து வைத்த லோஷன் பாட்டில், ஈரமான இடங்கள். மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் கழித்து, லேப்பராஸ்கோப்பி துளை போட்ட இடத்தில் மட்டும் ஒரு கட்டி எழும்பி, தண்ணியாக நீர் வடிந்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாமல் இருந்தால், சாதாரணக் கல்ச்சரிலும் ஒன்றும் வளராவிட்டால், அது வேறு விவகாரம். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரேசிலில் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் நடந்தது அதுதான். வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா வகையால், லேப்பராஸ்கோப்பி போன்ற அறுவைகளுக்குப் பின் நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் துளைப்புண் ஆறாமல் போனது. ரியோ டி ஜெனிரோவில் மட்டும் 2006, 2007-ல் ஆயிரத்துக்கு மேல். ஆராய்ந்தபோது, கருவிகளை 2 சதவீத குளூட்டரால்டிஹைடில், நம் ஊரில் சைடெக்ஸ் என்று சொல்கிறோமே அதில், கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்திருந்தார்கள். பரவிய கிருமி அந்த மருந்தையே தாக்குப்பிடிக்கும் ரகம். கருவியின் உள்ளே சதைத் துணுக்கும் ரத்தமும் ஒட்டியிருந்தால் மருந்து அதற்குள் ஊடுருவவும் செய்யாது. 2009-ல் பிரேசில் அரசு, இப்படிப்பட்ட அறுவைக் கருவிகளைத் திரவ மருந்தில் ஊறவைத்து ஸ்டெரிலைஸ் செய்வதற்கே தடை போட்டது.

நம் நாட்டிலும் இதே துளைப்புண் தொற்று மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியிருக்கிறது. காரணமும் அநேகமாக ஒன்றே. காலையில் மூன்று கேஸ், லேப்பராஸ்கோப்பி செட் ஒன்றே ஒன்று. முதல் கேஸ் முடிந்ததும் கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசி, சைடெக்ஸில் 20 நிமிடம் போட்டு, மறுபடி குழாய்த் தண்ணீரிலோ கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரிலோ அலசி, அடுத்த நோயாளிக்கு எடுத்துவிடுகிறார்கள். அந்த 20 நிமிடம் உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. ஸ்போர்கள் (கிருமிகளின் எளிதில் சாகாத உறங்கு வடிவம்) வரை சாக வேண்டுமானால் 10 மணி நேரம் வேண்டும். போதாததற்கு, கடைசியாக அலசிய தண்ணீரிலிருந்தே மைக்கோபாக்டீரியா கருவியில் ஏறிவிடுகிறது, ஏனென்றால் அது மண்ணிலும் தண்ணீர்க் குழாயிலும் தொட்டியிலும் வாழும் கிருமி.

செய்ய வேண்டியது இது. கேஸ் முடிந்ததும் காய விடாமல் கருவியை முழுதாகக் கழற்றுங்கள். கிராஸ்பரின் (திசுவைப் பிடிக்கும் கருவி) உள்தண்டு, வெளி உறை, கைப்பிடி மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். டிரோகாரின் (துளையில் செருகும் குழல்) வால்வு, ரப்பர் வாஷர் எல்லாம் கழல வேண்டும். என்சைம் கரைசலில், பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் வரை ஊறவைத்து, குழலின் விட்டத்துக்கு ஏற்ற பிரஷ்ஷை உள்ளே விட்டு இரு முனையிலிருந்தும் தேயுங்கள். பிரஷ் சுத்தமாக வெளியே வரும் வரை தேய்க்க வேண்டும். அலசி, சிரிஞ்சால் காற்றடித்து உள்ளே உலர்த்துங்கள். பிறகு உலோகக் கருவி எல்லாம் ஆட்டோகிளேவுக்கு (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் இயந்திரம்) போக வேண்டும். வயிற்றுக்குள் பார்க்கும் டெலஸ்கோப்பில் ஆட்டோகிளேவ் செய்யலாம் என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்மா அல்லது ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) முறையில் ஸ்டெரிலைஸ் செய்யும் வசதியுள்ள இடத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கட்டாயம் குளூட்டரால்டிஹைடுதான் என்றால் ஊற்றிய தேதியை எழுதி, செறிவைக் காட்டும் பட்டையை ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்த்து, ஸ்டெரைல் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். 14 நாள் என்று டப்பாவில் இருந்தாலும், தினம் ஈரக் கருவி போட்டால் மருந்து அதற்கு முன்பே நீர்த்துப்போகும்.

ஒரே செட்டை வைத்துக்கொண்டு இவ்வளவையும் செய்ய முடியாது, நேரம் இருக்காது. புகை இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டாவது லேப்பராஸ்கோப்பி செட் வாங்குங்கள். அதுவரை கேஸ்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஆட்டோகிளேவும் தானாகச் சரியாக இருந்துவிடாது. 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி என்பது உள்ளே முழுக்க நீராவி மட்டும் இருக்கும்போதுதான். காற்று வெளியேறாமல் தங்கிவிட்டால் முள் 15-ஐக் காட்டும், சூடு 121-ஐத் தொட்டிருக்காது. ஆட்டோகிளேவுக்குள் வைக்கும் டிரம்மைத் துணியால் அமுக்கி அடைத்தாலும், பக்கவாட்டு ஓட்டைகளைத் திறக்க மறந்தாலும் இதுவே நடக்கும். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். கையை உள்ளே விட்டால் துணிக்கிடையில் விரல் நுழைய வேண்டும். சாதாரண வகை ஆட்டோகிளேவில் துணி சுற்றிய பொதிக்கு 121 டிகிரியில் 30 நிமிடம், அதுவும் சூடு ஏறியபின் எண்ண வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மீதி நிமிடத்தைக் கூட்டக்கூடாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் அது சூடு பட்டதற்கு மட்டுமே சாட்சி. பொதியின் நடுவில் ஐந்தாம் வகை ரசாயனப் பட்டை வையுங்கள், வாரம் ஒருமுறை ஸ்போர் பரிசோதனை செய்யுங்கள்.

குமரி மாவட்டத்தில் இதோடு இன்னொரு தொல்லை சேருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஈரப்பதம் விடுவதே இல்லை. ஆட்டோகிளேவிலிருந்து ஈரமாக வெளியே வந்த டிரம் ஸ்டெரைல் ஆகாது; ஈரத் துணி வழியே கிருமி உள்ளே ஏறும். கதவைச் சற்றே திறந்து வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் உலர விட்டுப் பிறகு எடுங்கள். வைக்கும் அலமாரி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை பற்றி 2016-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. பல நாடுகளில் பரிசோதித்து வந்தவை. ரேசரால் மழிப்பதை விட்டுவிடுங்கள். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். முதல் நாள் இரவே மழித்தால் விடியும்போது அந்தக் கீறலில் கிருமி பெருகியிருக்கும். முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கிளிப்பரால் வெட்டுங்கள். ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியை அறுக்கும் இடத்தில் தடவிக் குறைந்தது 3 நிமிடம் தானாக உலர விடுங்கள். ஈரத்தோடு டயாதெர்மி வைத்தால் தீப்பிடிக்கும். செஃபசோலின் ஆன்டிபயாடிக் 2 கிராம் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். சிசேரியனுக்கும் அப்படியே, தொப்புள்கொடியைக் கிளாம்ப் செய்தபின் கொடுக்கும் பழைய வழக்கத்தை விடுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அறுவை நீண்டால் இன்னொரு டோஸ். அறுவை முடிந்தால் அதோடு சரி. ஐந்து நாள் ஊசி, பிறகு ஐந்து நாள் மாத்திரை என்று நம் ஊரில் எழுதுவது புண்ணைக் காப்பாற்றுவதில்லை. நோயாளியின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்து விடுகிறது, அவ்வளவுதான். இதில் சர்ஜன்களைச் சம்மதிக்கவைப்பது கடினம். உங்கள் சொந்தக் கணக்கைக் காட்டிப் பேசினால்தான் நடக்கும். எண்ணச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற டாக்டரின் குழு 1990-களின் நடுவில் செய்த வேலைதான் இன்று உலகம் முழுக்கப் படுக்கையருகே தொங்கும் ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால்) பாட்டிலுக்கு அடிப்படை. ஐசியூ சிஸ்டர் ஒவ்வொரு முறையும் வாஷ்பேசினுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தால் வேலை நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்று கண்டார்கள். ஆகவே கழுவச் சொல்லித் திட்டுவதை விட்டு, ஆல்கஹால் பாட்டிலை நோயாளி பக்கத்திலேயே வைத்தார்கள். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997-ல் 66 ஆனது. மருத்துவமனையில் தொற்று உள்ளவர்கள் 1994-ல் 16.9 சதவீதம், 1998-ல் 9.9.

பாட்டில் தொங்கினால் போதாது, தீர வேண்டும். ஜெர்மனியில் வார்டு வாரியாக எத்தனை மில்லி தீர்ந்தது என்று கணக்கெடுத்து ஒப்பிடுகிறார்கள். ஒளிந்திருந்து பார்ப்பதைவிட இது எளிது, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. ஆயிரம் நோயாளி-நாளுக்கு 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் இருக்கும் அளவு. அதாவது ஒரு நோயாளிக்கு ஒரு நாளுக்கு 20 மில்லி. சராசரியாக 40 பேர் அட்மிட் ஆகியிருந்தால் நாளுக்கு 800 மில்லி, மாதம் 24 லிட்டர். உங்கள் ஸ்டோரிலிருந்து மாதம் ஒரு 5 லிட்டர் கேன்தான் போகிறதென்றால் தேவையில் ஐந்தில் ஒரு பங்குதான் நடக்கிறது.

விலை உறுத்தினால் மருந்தகத்திலேயே கலக்கலாம். எத்தனால் வாங்கக் கலால் உரிமம் வேண்டியிருப்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாய்பாடே நமக்கு வசதி. 10 லிட்டருக்கு: 99.8 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 7515 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதிக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். கடையில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். அதுவானால் பாதியளவு போடுங்கள். பெராக்சைடு கையிலுள்ள கிருமிக்காக இல்லை, பாட்டிலில் இருக்கக்கூடிய ஸ்போர்களைக் கொல்ல. அதனால் பாட்டிலில் அடைத்து 72 மணி நேரம் வைத்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்ப வேண்டும். கிளிசராலைக் கூட்டினால் கை பிசுபிசுக்கும், சிஸ்டர்கள் தொடமாட்டார்கள். குறைத்தால் தோல் வெடிக்கும், அப்போதும் தொடமாட்டார்கள். கலக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும், அடுப்போ ஸ்விட்ச் தீப்பொறியோ கூடாது. நம் ஊர் வெயிலில் இந்த ஆவி எளிதில் பற்றும். காலிப் பாட்டிலைக் கழுவி உலர்த்தாமல் மேலே மேலே ஊற்றாதீர்கள். வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்ட பிறகும், கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்போதும் ஹேண்ட்ரப் உதவாது, சோப்பும் தண்ணீரும்தான்.

கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியம் ஆபத்தானது. ஒரே கிளவுஸோடு மூன்று படுக்கைக்கு டிரிப்ஸ் மாற்றுவதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். அந்தக் கிளவுஸ் சிஸ்டரைக் காப்பாற்றுகிறது, நோயாளியைக் காப்பாற்றவில்லை. அதேபோல ஐசியூ வாசலில் எல்லோரையும் செருப்பு மாற்றச் சொல்கிறோம். உள்ளே வருகிறவர் கையைத் தேய்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. தரையை யாரும் புண்ணில் வைப்பதில்லை, கையைத்தான் வைக்கிறோம்.

டிரிப்ஸ் என்றதும் ஒரு சின்ன விஷயம். பிளாஸ்டிக் பாட்டிலில் திரவம் வேகமாக இறங்க வேண்டுமென்று பாட்டிலின் தலைமாட்டில் ஊசியைக் குத்திக் காற்று விடுகிறோம். வார்டில் இருக்கும் காற்று, தூசியோடு, அந்த ஓட்டை வழியாக நேரே திரவத்துக்குள் போகிறது. அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, இத்தாலி ஐசியூக்களில், காற்று விடத் தேவையில்லாத, தானே சுருங்கும் பைகளுக்கு மாறியபோது மையச் சிரை கதீட்டரால் (இதயத்தருகே உள்ள பெரிய சிரையில் போடும் குழாயால்) வரும் ரத்தத் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஐசியூவுக்காவது அந்தப் பைகளை வாங்குங்கள். 100 மில்லி சலைன் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு வார்டு முழுக்க வென்ஃப்ளான் (கைச் சிரையில் போட்ட குழாய்) ஃபிளஷ் செய்வதும், இன்சுலின் குப்பியின் ரப்பரில் ஊசியைக் குத்தியபடியே விடுவதும் இதே ரகம்தான். ஒரு சிரிஞ்சில் பின்னோக்கி ஏறிய ரத்தம் போதும், பாட்டிலே மஞ்சள் காமாலைக் கிருமியின் கிடங்காகிவிடும். பாகிஸ்தானின் ரத்தோடேரோவில் 2019-ல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்ஐவி வந்தது மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சும் டிரிப்ஸ் செட்டும் போன்ற பாதுகாப்பற்ற ஊசிப் பழக்கத்தால். ஃபிளஷ் செய்ய 10 மில்லி சலைன் ஆம்பூல், ஒருவருக்கு ஒன்று.

சிஸ்டரின் அதிகாரம் என்று முதலில் சொன்னேன். அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் நடந்த திட்டத்தின் முடிவு 2006-ல் வெளிவந்தது. மையச் சிரையில் கதீட்டர் போடும்போது ஐந்தே விஷயம்: கை சுத்தம், முழு உடல் மூடும் ஸ்டெரைல் துணி, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்ப்பது, தேவை முடிந்த அன்றே எடுத்துவிடுவது. ஆயிரம் கதீட்டர்-நாளுக்கு (கதீட்டர் உள்ள ஒரு நோயாளியின் ஒரு நாள் ஒரு கதீட்டர்-நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று ஒன்றரை வருடத்தில் 1.4 ஆனது. அந்த ஐந்தும் யாருக்கும் தெரியாத ரகசியங்கள் கிடையாது. டாக்டர் ஒரு படியை விட்டால், அவசர கேஸ் இல்லாதபட்சத்தில், பக்கத்தில் நிற்கும் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம், மேலிடம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று எழுதிவைத்ததுதான் வித்தியாசம். நம் ஊரில் “டாக்டர், நீங்க கை தேய்க்கல” என்று ஒரு சிஸ்டர் சொல்வது லேசான காரியம் இல்லை. மருத்துவமனையின் எம்டி (நிர்வாக இயக்குநர்) எல்லா டாக்டர்களையும் கூட்டி, சிஸ்டர்கள் முன்னால், “சிஸ்டர் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும், எனக்கும் இதுதான்” என்று வாயால் சொல்ல வேண்டும். சுற்றறிக்கை ஒட்டினால் நடக்காது.

இதற்குத் தகுந்த ஆள் இந்த மாவட்டத்தில் கிடைக்காமல் போகாது. இங்கே நர்சிங் படித்து இங்கிலாந்து, அயர்லாந்து, சவுதி, குவைத் என்று போய் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச், முழுக்கைச் சட்டை இல்லாமல் வார்டுக்கு வரும் பழக்கமும், அட்மிஷனிலேயே மூக்கில் ஸ்வாப் எடுப்பதும், தணிக்கைப் படிவம் நிரப்புவதும் அவர்களுக்குப் பழகிய வேலை. அப்படி ஒருவரைத் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாகப் போடுங்கள். 250 படுக்கைக்குக் குறைந்தது ஒருவர் என்பது பழைய அளவு, 100-க்கு ஒருவர் என்பது இப்போதைய பரிந்துரை. 60 படுக்கைக்குத் தினம் அரை நாள் இந்த வேலை மட்டும் என்று ஒதுக்கினால் போதும். யாராவது லீவு போட்டால் அவரை வார்டு டியூட்டிக்கு இழுக்கக்கூடாது.

வேறு மருத்துவமனையிலிருந்து வரும் நோயாளி விஷயத்தில் நெதர்லாந்திடம் கற்கலாம். வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்து வந்தவர் என்றால் தனி அறையில் வைத்து, பரிசோதனை முடிவு வரும் வரை கிருமி இருப்பதாகவே நினைத்து நடத்துவார்கள். எம்ஆர்எஸ்ஏ அங்கே மிகக் குறைவாக இருப்பதற்கு அது பெரிய காரணம். நம் ஊரில் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று ஒரே நோயாளி இரண்டு மூன்று ஐசியூ மாறி வருவது சகஜம். கார்பபெனெம் என்ற கடைசி வரிசை ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா அப்படித்தான் பயணம் செய்கிறது. கடந்த மூன்று மாதத்தில் வேறெங்காவது ஐசியூவில் இருந்தாரா, டியூப் எதுவும் இருந்ததா என்று அட்மிஷன் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். ஆம் என்றால் தனி அறை. அது இல்லையென்றால் மூலைப் படுக்கை. அவருக்கென்று தனி பிபி கஃப், தெர்மாமீட்டர், கவுன். இஸ்ரேலில் இதே வகைக் கிருமி நாடு முழுக்கப் பரவியபோது, 2007 மார்ச்சில் தொடங்கி அப்படிப்பட்ட நோயாளிகளை ஒரே பகுதியில் சேர்த்து, அவர்களை மட்டும் கவனிக்கத் தனி நர்ஸ்களைப் போட்டார்கள். லட்சம் நோயாளி-நாளுக்கு மாதம் 55.5 ஆக இருந்த புதுத் தொற்று அடுத்த ஆண்டு மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தது. தனி அறையைவிடத் தனி ஆள்தான் அங்கே கைகொடுத்தது. நைட் டியூட்டியிலும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கூட இருப்பவர்களைப் பற்றி தென்கொரியா கசப்பான பாடம் படித்தது. 2015-ல் மெர்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நோயாளியோடு இருந்த குடும்பத்தினரும் பார்க்க வந்தவர்களும். நம்மைப் போலவே அங்கும் வீட்டார்தான் படுக்கையருகே இருந்து கவனிப்பார்கள். சியோலில் கூட்டம் நெரிந்த ஒரு அவசரப் பிரிவில் ஒரே நோயாளியிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா பரவியதும் பெரும்பாலும் மருத்துவமனை வராந்தாக்களில்தான், அது நமக்கு அடுத்த மாநிலம். கொரியா அதற்குப் பிறகு அவசரப் பிரிவில் கூட நிற்பவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. காய்ச்சல், இருமலோடு வருபவரை வாசலிலேயே பிரிக்கவும் ஆரம்பித்தது.

இங்கே வீட்டாரை வெளியே அனுப்பிவிட முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கவும் ஆளில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர் என்று பாஸ் கொடுத்து, அவருக்கு முதல் நாளே ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள்: கை தேய்ப்பது எப்படி, அடுத்த படுக்கை நோயாளியைத் தொடக்கூடாது, படுக்கையில் உட்காரக்கூடாது. யூரின் பையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது அந்தப் பையைத் தூக்கி அவர் மடியிலோ வயிற்றின் மேலோ வைப்பார்கள். பைக்குள் இருந்த மூத்திரம் திரும்பி மூத்திரப்பைக்கு ஓடும். எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். சபையிலிருந்து ஜெபிக்க வருகிறவர்கள், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கூட்டமாக வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மாலையில் ஒரு நேரம் வைத்து, ஐசியூவுக்கும் பச்சிளங்குழந்தை அறைக்கும் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பாதிரியாரிடமோ போதகரிடமோ ஒருமுறை நேரில் பேசினால் அவர்களே சபையில் சொல்லிவிடுவார்கள்.

துப்புரவு வேலையில் அமெரிக்காவின் 36 மருத்துவமனைகளில் செய்த ஒரு சோதனை பயன்படும். கண்ணுக்குத் தெரியாத, புற ஊதா ஒளியில் மட்டும் மினுங்கும் மையைப் படுக்கைக் கம்பி, ஸ்விட்ச், கழிவறைக் கைப்பிடி போன்ற இடங்களில் புள்ளி வைத்தார்கள். சுத்தம் செய்தபின் பார்த்தால் பாதிப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அதைத் துப்புரவு ஊழியர்களுக்கே காட்டிச் சொல்லிக்கொடுத்தபின், துடைபட்ட புள்ளிகள் 48 சதவீதத்திலிருந்து 77 ஆயின. மினுங்கும் மார்க்கரும் சின்ன யுவி டார்ச்சும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யுவி வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைப்பதை விடுங்கள். 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம் வரும். அழுக்கைத் துடைத்த பிறகு அதைப் போட்டு 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். காலையில் கலந்ததை மறுநாள் வைத்திருக்க வேண்டாம், வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும். கழிவறை மாப் வார்டுக்குள் வரக்கூடாது. இங்கிலாந்தில் சிவப்பு கழிவறைக்கு, நீலம் பொது இடத்துக்கு, பச்சை சமையலறைக்கு, மஞ்சள் தனிமை அறைக்கு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள். ஸ்டெரைல் தண்ணீர், தினம் மாற்ற வேண்டும், பயன்படாதபோது காலியாக உலர்ந்திருக்க வேண்டும்.

தனியாக ஒரு சின்ன மருத்துவமனை இதையெல்லாம் தாங்குவது கடினம் என்பதை ஜப்பான் புரிந்துகொண்டது. 2012-லிருந்து அங்கே பெரிய மருத்துவமனையும் சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகளும் வருடம் நாலு முறையாவது கூடித் தொற்றுக் கணக்கைப் பேசினால், காப்பீட்டிலிருந்து அதற்கென்று தனித்தொகை கிடைக்கும். இங்கே அந்தத் தொகை கிடைக்காது. ஆனால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி துறையிடமும், ஐஎம்ஏ (இந்திய மருத்துவச் சங்கம்) கிளையிடமும் கேட்டு, மார்த்தாண்டம், தக்கலை, குழித்துறை சுற்றுவட்டார மருத்துவமனைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினாலே, ஒரே நோயாளி எங்கெங்கே கிருமியைக் கொண்டுபோனார் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, துப்புரவு ஊழியர்களுக்கும் லாண்டரிக்காரர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். குப்பைப் பையிலும் துணி மூட்டையிலும் கிடக்கும் ஊசி முதலில் குத்துவது அவர்களை. 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்கள் என்று அவர்களை விட்டுவிடாதீர்கள், செலவை மருத்துவமனை ஏற்க வேண்டும்.